புதுவை அன்னையாரும் பெற்றோர் நினைவு விளக்கும்

பெற்றோர் மறைந்த நாளை மறவாது போற்றுதல் எச்சமயத்தாருக்கும் பொதுவான கடமையாகும். நம் புதுச்சேரி நகரிலே இதனை யாவரும் கண்கூடாகக் காணலாம். ஆடி, புரட்டாசி, தைத் திங்களின் அமாவாசைகளிற் கடற்கரையில் எள்ளும் நீரும் இறைத்துத் தந்தை தாயர்க்குக் கடன் கழிப்போர் திரள்கின்றனர். நவம்பர் மாதம் 2-ஆம் நாள் கத்தோலிக்கக் குடும்பத்தார் உப்பளம் கல்லறைத் தோட்டத்திற் கூடிக் கல்லறைகளைக் கழுவி, மாலை சாத்தி, மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கின்றனர். அந்தி மயங்கும் வேளையில் அத்தோட்டத்தைக் கடந்து செல்வோர், மண்ணுக்குள் உறங்குவோரை மேலே உள்ளவர் மறந்திலர் என்பதை அவ்வொளியினின்றே அறிந்துகொள்வர்.

இவ்விரு வழக்கங்களின் சாயலும் ஒருங்கே பொருந்திய வழக்கமொன்று யூதரிடத்தில் உண்டு. தந்தையோ தாயோ இறந்த திதி ஆண்டுதோறும் வரும்பொழுது, அதற்கு முந்தின நாள் பொழுது சாயும் வேளையில் அவர்கள் தம் வீட்டிலே ஒரு விளக்கை ஏற்றுவர். அவர்தம் கணக்கில் நாளானது மாலையிலே தொடங்கி மறுநாள் மாலையிலே முடிவதாகலின், அவ்விளக்கு ஏறத்தாழ 24 மணி நேரம் அணையாது எரிதல் வேண்டும். அதற்கெனவே கண்ணாடிக் குவளையில் வார்த்த பருத்த மெழுகுவர்த்திகள் இக்காலத்திற் கடைகளில் விற்கப்படுகின்றன. முற்காலத்தில் எண்ணெயும் திரியுமே வழக்கு. ஜெர்மனி, போலந்து முதலிய நாடுகளில் வாழ்ந்த யூதர் இந்நாளை யார்ட்ஸைட் என்பர். 1492-இல் ஸ்பெயின் தேசத்தினின்று துரத்தப்பட்டுத் துருக்கியிற் குடியேறியவர் மெல்தாதோ என்பர். முன்னதற்கு ஆண்டின் பொழுது என்றும், பின்னதற்கு வாசிப்பு என்றும் பொருள். உற்றார் ஒருங்கு கூடி, மறைந்தவர் பொருட்டுத் திருநூல்களை வாசிப்பதால் அப்பெயர் வந்தது. விளக்கை ஏன் தேர்ந்தனர் என்பார்க்கு நீதிமொழிகள் 20-ஆம் அதிகாரம் 27-ஆம் வசனம் விடை பகரும். மனிதனின் ஆவி அங்கே விளக்கோடு ஒப்பிடப்படுகின்றது. அவ்வசனத்தை வேதபாட வகுப்பிற் படித்தோர் நம்முட் பலர். அதன்மேல் ஓர் இல்லச் சடங்கே எழுந்துள்ளது என்பதை அறிந்தோர் சிலரே.

அந்நாளைக் கணிக்கும் முறையும் நமக்கு அந்நியமானதன்று. நாம் திவசத்திற்குத் திதி பார்ப்பது போலவே அவர்களும் சந்திரன் வளர்ந்து தேயும் கணக்கைக் கொண்டே நாளைக் குறிக்கின்றனர். பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு முறை ஓர் அதிக மாதத்தைச் சேர்த்துச் சூரிய ஆண்டோடு ஒத்துவரச் செய்கின்றனர். ஆகவே ஆங்கில நாட்காட்டியில் அந்நாள் ஆண்டுக்கு ஆண்டு முன்னும் பின்னும் நகரும். பஞ்சாங்கம் பாராமல் நம்மவர் தர்ப்பணம் செய்ய இயலாதவாறே, தம் நாட்காட்டியைப் பாராமல் யூதர் விளக்கேற்ற இயலாது. அஃதன்றி, தந்தை இறந்தபின் பதினொரு திங்கள் மகன் ஜெபாலயத்திற்குச் சென்று காதிஷ் என்னும் வழிபாட்டுரையைச் சொல்லுதல் வேண்டும். வயது வந்த ஆடவர் பதின்மர் கூடினாலன்றி அதனைச் சொல்லலாகாது என்பது பழைய விதி. அவ்வுரையில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை; முழுவதும் கடவுளின் துதியே. துக்கத்தினால் வாயடைத்துப் போனவனைத் துதி சொல்ல வைத்தது அச்சமூகத்தின் ஞானமென்றே எமக்குத் தோன்றுகின்றது.

தென்னாட்டிலும் இவ்விளக்கு எரிந்ததுண்டு. கொச்சி மட்டாஞ்சேரியில் நெகேமியா மோத்தா என்னும் யூதப் புலவரின் சமாதி இருக்கின்றது. அவர் 1615-இல் காலமானார். அச்சமாதியில் யூதரேயன்றி அக்கம்பக்கத்து இந்துக்களும், முஸ்லிம்களும், கிறிஸ்தவர்களும் வேண்டுதல் செய்து மெழுகுவர்த்தி ஏற்றி வந்தனர். கொச்சி யூதருட் பெரும்பாலோர் 1950-ஆம் ஆண்டுகளில் இஸ்ரேல் தேசத்திற்குச் சென்றுவிட்ட பின்னரும் அச்சமாதி பேணப்பட்டது.

யூத ஜெபாலயம் இல்லாத புதுச்சேரியில் இவற்றையெல்லாம் எடுத்துரைப்பானேன் என்று நேயர்கள் வினவலாம். இந்நகரில் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து, இந்நகரிலேயே உடல் நீத்து, ஆயிரக்கணக்கானோரால் அன்னை என்றே அழைக்கப்பெற்ற பெண்மணி ஒருவர் யூதத் தந்தைக்கும் யூதத் தாய்க்கும் பிறந்தவர். அவரை ஆசிரமத்து அன்னை என்று அறிந்தவர் அளவிறந்தோர். அவரும் ஒருவர்க்கு மகளாயிருந்தவரே என்பதை எண்ணிப் பார்த்தவர் அத்துணைப் பேரல்லர். அவருடைய யோக நெறியின் உண்மையை ஆராய்தல் எம் நோக்கமன்று. அதற்குத் தக்கார் பலர் உளர். பெற்றோர்க்கு விளக்கேற்றும் மரபிற் பிறந்து, அவ்விளக்கு ஏற்றப்படாத வீட்டில் வளர்ந்த ஒரு மகளின் சரிதையாகவே அதனை இங்கு வரைகின்றோம்.

அவர்தம் இயற்பெயர் பிளான்ஷ் ராஷேல் மிர்ரா அல்பாஸா என்பதாகும். 1878-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள் பாரிஸ் மாநகரத்திற் பிறந்தார். தந்தையார் மோயிஸ் மொரீஸ் அல்பாஸா என்பவர் துருக்கியைச் சேர்ந்த எதிர்னே நகரில் 1843-இல் பிறந்தவர். வங்கித் தொழில் புரிந்தவர். எதிர்னே நகரம் ஸ்பெயினினின்று ஓடிவந்த யூதர்க்குப் பலநூறு ஆண்டுகள் புகலிடமாயிருந்தது. தாயார் மத்தில்த் இஸ்மலூன் என்பவர் எகிப்து தேசத்து அலெக்ஸாந்திரியா நகரில் 1857-இல் பிறந்தவர். மிர்ராவின் அண்ணன் மத்தேயோவும் 1876-இல் அந்நகரிலேயே பிறந்தார். அடுத்த ஆண்டில் அக்குடும்பம் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தது. ஆகவே மிர்ரா பாரிஸில் பிறந்த முதற் குழந்தை எனலாம்.

ராஷேல் என்னும் நடுப்பெயர் நாம் இராகேல் என்று வழங்கும் பெயரே. யாக்கோபின் அன்பு மனைவியாகிய இராகேல் பெத்லகேமுக்குச் செல்லும் வழியில் மகப்பேற்றின்போது இறந்தாள் என்றும், அவள் கல்லறையின்மேல் யாக்கோபு ஒரு தூணை நிறுத்தினான் என்றும் ஆதியாகமம் 35-ஆம் அதிகாரம் கூறும். வழியிலேயே மறைந்த அத்தாயின் சமாதியென்று கருதப்படும் இடத்தில் யூதப் பெண்டிர் விளக்கேற்றி மன்றாடுதல் நெடுநாளைய வழக்கு. பிறந்த ஊருக்குத் திரும்பாமல் தொலைதூரத்தில் அடக்கமாக இருந்த ஒரு குழந்தைக்கு அப்பெயர் வாய்த்தமை தற்செயலே. ஆயினும் நினைவில் நிற்கத் தக்கது.

பெயரில் இருந்த வேதம் வீட்டில் இருக்கவில்லை. தாயார் மத்தில்த் கடவுளை நம்பாதவர். பொதுவுடைமைக் கொள்கையிற் பற்றுடையவர். இறுதிவரை அந்நிலையினின்று மாறாதவர். எகிப்து அரண்மனையில் நடந்த வரவேற்பொன்றில் அரசர்முன் வளைந்து வணங்க மறுத்த காரணத்தினாலேயே அவர் அந்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது என்று அன்னையார் பிற்காலத்திற் சொல்லியிருக்கின்றார். தம் மக்கள் உலகில் தலைசிறந்தோராதல் வேண்டுமென்பதே அத்தாயின் ஒரே சமயம் போலும். குழந்தைகளைக் கொஞ்சும் இயல்பு அவருக்குக் குறைவு; ஒழுங்கும் உழைப்புமே அவர் போதித்தவை. அவருடைய தாயாராகிய மிரா இஸ்மலூன் அம்மையாரோ முற்றிலும் வேறுபட்ட இயல்பினர். 1830-இல் கெய்ரோ நகரிற் பிறந்த அப்பாட்டியார், எகிப்தியப் பெண்கள் தனித்து வெளிநாடு செல்லத் துணியாத அக்காலத்தில் ஐரோப்பா முழுதும் உலவினார். பேத்தியின் பெயரும் அவர் பெயரே.

தந்தையார் உடல்வலி மிக்கவர். பல மொழிகள் அறிந்தவர். பறவைகளிடத்தும் சர்க்கஸ் காட்சிகளிடத்தும் அளவற்ற பிரியமுடையவர். 1890-இல் அவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். அண்ணன் மத்தேயோ பொறியியற் கல்வியிற் சிறந்து, பின்னாளிற் பிரான்சின் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் ஆளுநராகும் அளவுக்கு உயர்ந்தார். எதிர்னேயிலிருந்து வந்த ஒரு யூதக் குடும்பம் ஒரு தலைமுறைக்குள்ளாகப் பிரெஞ்சு அரசின் ஆளுநரைத் தந்தது. ஆயின் அவ்வேகத்திற்கு ஈடாகக் கைவிடப்பட்டவற்றுள் பழைய விளக்கும் ஒன்று. அக்காலத்துப் பாரிஸில் இத்தகைய குடும்பங்கள் பல இருந்தன. அவர்களை நாம் இகழ்தல் தகாது; நம் நாட்டிலும் பட்டணம் சென்று உத்தியோகம் பெற்றவர் வீட்டில் தாத்தாவின் திதி மறைந்துபோவதை நாம் பார்க்கின்றோம்.

மிர்ரா அம்மையார் ஓவியக் கலை பயின்றார். குஸ்தாவ் மோரோ என்னும் பேரோவியரின் மாணாக்கராகிய ஆன்றி மொரிஸே என்பவரை 1897-இல் மணந்தார். மறு ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆந்திரே என்னும் மகன் பிறந்தான். 1903 முதல் 1905 வரை பாரிஸின் தேசிய நுண்கலைக் கண்காட்சியில் அம்மையாரின் ஓவியங்கள் இடம்பெற்றன. உள்ளத்திலோ வேறு வேட்கை. 1906-லும் 1907-லும் அல்ஜீரியாவில் உள்ள திலெம்சேன் ஊருக்குச் சென்று மாக்ஸ் தேயோன் என்பாரிடம் மறைஞானக் கலை பயின்றார். அத்தேயோனும் யூத குலத்தினரே. ஒன்றையொன்று ஊடுருவிய இரு முக்கோணங்களைக் கொண்ட சின்னத்தை அவர் தம் இயக்கத்திற்கு வைத்திருந்தார். அதனை ஒத்த வடிவமே பின்னாளில் ஸ்ரீ அரவிந்தரின் சின்னமாயிற்று. யூதர் அதனைத் தாவீதின் நட்சத்திரம் என்பர். முருகன் அடியார் அறுகோணம் என்பர். எவர் எவரிடமிருந்து பெற்றார் என்னும் ஆராய்ச்சியில் நாம் புக வேண்டுவதில்லை.

1908-இல் முதல் மணம் முறிந்தது. 1911-இல் அம்மையார் பால் ரிஷார் என்பவரை மணந்தார். ரிஷார் தேர்தல் அலுவலாக 1910-இல் புதுச்சேரிக்கு வந்து, அப்போதுதான் இங்கு அடைக்கலம் புகுந்திருந்த ஸ்ரீ அரவிந்தரைக் கண்டு திரும்பியவர். 1914-இல் மறுபடியும் தேர்தலில் நிற்க விரும்பி மனைவியாருடன் புறப்பட்டார். மார்ச் 7-ஆம் நாள் காகா மாரு என்னும் ஜப்பானியக் கப்பலில் ஏறிக் கொழும்பை அடைந்து, அங்கிருந்து தனுஷ்கோடி வந்து, இரயிலில் விழுப்புரம் வழியாக மார்ச் 29-ஆம் நாள் காலை புதுச்சேரி சேர்ந்தனர். பாம்பன் பாலம் திறக்கப்பட்டு அப்போது முழுமையாக ஐந்து வாரங்கூட ஆகவில்லை. அன்று பிற்பகல் பிரான்சுவா மார்த்தேன் வீதி 41-ஆம் எண் வீட்டில் அம்மையார் ஸ்ரீ அரவிந்தரை முதன்முதலாகச் சந்தித்தார். பாரதியாரும் வ. வே. சு. ஐயரும் இந்நகரில் வாழ்ந்த காலம் அது. தேர்தலில் ரிஷார் தோற்றார். ஆகஸ்டு 15-ஆம் நாள் ஆரியா என்னும் சஞ்சிகை வெளிவந்தது. ஐரோப்பாவில் யுத்தம் மூண்டமையால், 1915 பிப்ரவரி 22-ஆம் நாள் தம்பதியர் பிரான்சுக்குத் திரும்ப வேண்டியவராயினர்.

இனிச் சொல்லப் போவதே இச்சரிதையிற் கனமான பகுதி. 1916-இல் அம்மையார் கணவருடன் ஜப்பானுக்குக் கப்பலேறினார். மகன் ஆந்திரேக்கு அப்போது வயது பதினேழு. தந்தையார் மொரீஸ் அல்பாஸா முதுமையுற்றிருந்தார். போர்க்காலக் கடற்பயணம் என்பது திரும்பி வருதலை உறுதியாகக் கொண்டு செல்லும் பயணம் அன்று. தோக்கியோவிலும் கியோத்தோவிலுமாக நான்கு ஆண்டுகள் கழிந்தன. அவர் ஜப்பானில் இருந்த காலத்திலேயே, 1918-இல், தந்தையார் இறந்தார். அவர் இறந்த ஆண்டில் யுத்தம் முடிந்தது. உலகெங்கும் விஷக் காய்ச்சல் பரவிக் கோடிக்கணக்கானோர் மாண்டனர். 1919-இன் தொடக்கத்தில் அம்மையாரும் அந்நோய்க்கு ஆளாகிப் பிழைத்தார்.

தந்தையின் கட்டிலருகே அமர்தல், கண்ணை மூடுதல், ஒரு பிடி மண் இடுதல் ஆகிய எதுவும் அம்மகளுக்கு வாய்க்கவில்லை. யூத மரபில் மகளுக்குரிய துக்க விதிகள் தெளிவானவை: ஆடையைக் கிழித்தல், ஏழு நாட்கள் தாழ்ந்த இருக்கையில் அமர்தல், அவ்வேழு நாட்களும் விளக்கு எரித்தல், பின்பு ஆண்டுதோறும் திதியில் விளக்கேற்றல். அம்மையார் யூத சமயச் சடங்கு எதனையும் கைக்கொண்டு ஒழுகியவர் அல்லர். பின்னாளில் அவர் நடத்திய ஆசிரமத்திலும் எச்சமயத்தின் சடங்கையும் விதியாக வைத்தாரில்லை. எனவே எதிர்னே நகரத்து முன்னோர் வழிவழியாகக் கைமாற்றித் தந்த சுடர், மொரீஸ் அல்பாஸாவின் பொருட்டு அம்மகளின் கையில் ஏறவில்லை.

1920 ஏப்ரல் 24-ஆம் நாள் அவர் புதுச்சேரிக்கு மீண்டார். அதன்பின் இந்நகரை விட்டு வேறெங்கும் சென்று வாழ்ந்தாரில்லை. அவ்வாண்டு நவம்பர் 24-ஆம் நாள் வீசிய கடும்புயலில், அவர் தங்கியிருந்த வீடு பழுதுபடவே, ஸ்ரீ அரவிந்தர் வாழ்ந்த வீட்டிற்கு அழைத்துக்கொள்ளப்பட்டார். ரிஷார் பிரிந்து சென்றார். 1926-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாளுக்குப் பின் ஸ்ரீ அரவிந்தர் தனிமை பூண்டு, ஆசிரமத்தின் பொறுப்பு முழுவதையும் அம்மையாரிடம் ஒப்புவித்தார். அது முதலே அன்னை என்னும் பெயர் நிலைத்தது. வங்காளிகளும், குஜராத்திகளும், தமிழரும், ஆங்கிலேயரும் அவரை அன்னை என்றழைத்தனர். வயிற்றிற் பிறந்த மகனோ பிரான்சில் இருந்தான். அவனுக்கு அவர் 1927 முதல் எழுதிய கடிதங்கள் அச்சிடப்பட்டுள்ளன.

இரண்டாம் உலக யுத்தத்திற் பிரான்சு வீழ்ந்தது. 1940 செப்டம்பரில் புதுச்சேரி ஆளுநர் லூயி போன்வேன் ஜெனரல் தெ கோல் பக்கம் சேர்ந்தார். அடுத்த மாதமே பிரான்சின் விஷி அரசாங்கம் யூதர்க்கு எதிரான சட்டத்தை இயற்றிற்று. அல்ஜீரிய யூதரின் பிரெஞ்சுக் குடியுரிமையையும் பறித்தது. திலெம்சேன் ஊரில் அன்னையார் நடந்த வீதிகளில் வாழ்ந்த யூதரும் அதற்குத் தப்பவில்லை. புதுச்சேரி வேறு பக்கம் நின்றமையால் அச்சட்டங்கள் இங்குத் தலைகாட்டவில்லை. இந்நகரின் சரித்திரம் எழுதுவோர் போன்வேன் செயலை அரசியலாகவே பேசுவர். இந்நகரில் அப்போது வாழ்ந்த, யூதப் பெற்றோர்க்குப் பிறந்த அம்மையார் ஒருவரின் நிலையிலிருந்து நோக்கினால் அதன் பொருள் இன்னும் நெருக்கமாகும். பிரான்சிலிருந்து ஏறத்தாழ 76,000 யூதர் 1942 முதல் 1944 வரை கிழக்கே கொலைமுகாம்களுக்கு இரயிலேற்றப்பட்டனர். திரும்பி வந்தோர் மிகச் சிலர். குடும்பம் குடும்பமாக அழிந்தமையால் அவர்களுட் பலர்க்கு இறந்த திதியும் தெரியாது. தெரிந்தாலும் விளக்கேற்ற மக்கள் இல்லை. அதனால் பிற்காலத்தில் யூதர், உறவற்று இறந்தோர்க்கும் பொதுவாக ஒரு நாள் குறித்து, அறியாதவர் பொருட்டு அறியாதவரே மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கத்தை மேற்கொண்டனர்.

அவ்யுத்த காலத்தில் அன்னையாரும் ஸ்ரீ அரவிந்தரும் நேசநாடுகளின் பக்கமே நின்று, போர் நிதிக்குப் பணம் உதவினர். ஆங்கிலேயர்க்கு உதவுவதா என்று நாட்டில் வருந்தியோர் உண்டு. அவ்வருத்தத்திலும் நியாயம் இருந்தது. எனினும் நாட்ஸிகளின் வெற்றி எதனைக் கொண்டு வந்திருக்கும் என்பதை அவ்விருவரும் பலர்க்கு முன்னரே கண்டனர். ஜப்பானியர் தாக்குதலுக்கு அஞ்சிய அன்பர் பலர் தம் மனைவி மக்களை ஆசிரமத்திற்கு அனுப்பி வைத்தனர். அதுவரை குழந்தைகளுக்கு இடமில்லாதிருந்த ஆசிரமத்தில் சிறுவர் கூட்டம் நிறைந்தது. அவர்களுக்காக 1943 டிசம்பர் 2-ஆம் நாள் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. தம் மகனை வளர்க்கும் வாய்ப்பைப் பாதியிலே விட்டு வந்த தாய், ஊரார் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தார்; மைதானத்தில் அவர்களோடு டென்னிஸ் ஆடினார்.

1944-இல் தாயார் மத்தில்த் காலமானார். வயது எண்பத்தைந்தைக் கடந்திருந்தது. அப்பொழுதும் மகள் புதுச்சேரியில். கடவுளை மறுத்த தாய்க்கு வேத வாசிப்புடன் விளக்கேற்றுவது அத்தாயின் உள்ளக் கருத்துக்கு முரணாகும் என்று ஒருவர் சொல்லலாம், முரணே. ஆயினும் பெற்றோர் இருவரின் முடிவிலும் உடன் இல்லாத மகள் என்னும் வடு எஞ்சுகின்றது. கடல் கடந்து சென்ற எத்தனையோ தமிழர்க்கு இவ்வடு புதிதன்று. ரங்கூனுக்கும், மலாயாவுக்கும், நம் புதுச்சேரியிலிருந்து சைகோனுக்கும் சென்றவர்கள், தந்தி வந்தபொழுது சிதையும் ஆறியிருக்கும் என்றறிந்து கடற்கரையில் நின்று முழுகினர். அவர்களுக்காவது முழுகுதல் என்றொன்று இருந்தது.

நினைவு முற்றும் அணைந்ததா எனின், அன்று. 1950-ஆம் ஆண்டுகளிலும் அதற்குப் பின்னரும் அன்னையார் மாணவரிடத்தும் அன்பரிடத்தும் பேசிய பேச்சுக்கள் குறிக்கப்பட்டும் ஒலிப்பதிவு செய்யப்பட்டும் உள்ளன. அவற்றில் தந்தையும் தாயும் பன்முறை வருகின்றனர்: தந்தையின் பறவைகள், அவருடைய உடல்வலி, சர்க்கஸ் மோகம், தாயின் வளையாத முதுகெலும்பு, அவர் இட்ட கட்டுப்பாடுகள். அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முற்பட்டவற்றை அவர் விவரமாகச் சொல்கின்றார். சிற்சில இடங்களில் தாயை நகைச்சுவையோடும், சற்றே கடுமையோடும் சித்திரிக்கின்றார். புகழுரையாக மட்டும் இருந்திருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம். மெல்தாதோ என்னும் சொல்லுக்கு வாசிப்பு என்று பொருள் எனக் கண்டோம். ஆண்டுக்கொருமுறை உற்றார் கூடி மறைந்தவரைப் பற்றிப் பேசுவதும் அந்நாளின் ஒரு பகுதியே. விளக்கும் வேதமும் நீங்கிய பின்னும் அப்பேச்சு மட்டும், எதிர்னேயைக் கனவிலும் காணாத குழந்தைகள் நடுவே, புதுச்சேரியில் நடந்துகொண்டிருந்தது. அன்னையார் அதற்கு அப்பெயர் வைக்கவில்லை, யாமே வைக்கின்றோம்.

1949 நவம்பரில் ஆந்திரே மொரிஸே புதுச்சேரிக்கு வந்தார். 1916-இல் பதினேழு வயதினனாகப் பிரிந்த மகன் ஐம்பத்தோராம் வயதில் தாயைக் கண்டார். முப்பத்துமூன்று ஆண்டுகள்! நம் புராணங்களில் பதினான்கு ஆண்டுப் பிரிவுக்கே கண்ணீர் பெருக்குவோம். அவர் அதன்பின் பன்முறை வந்து, தாயின் பணிகளுக்கு உதவி செய்தார். தாம் பெற்றோர்க்குச் செய்யக் கூடாமற்போன சமீபத்தை, அன்னையார் மகனிடத்துப் பெற்றார் என்பதே இச்சரிதையில் எமக்கு ஆறுதல் தரும் இடம்.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். 1950 டிசம்பர் 5-ஆம் நாள் ஸ்ரீ அரவிந்தர் மறைந்தார். 9-ஆம் நாள் ஆசிரம முற்றத்திலே, 1930-இல் நட்டு வளர்த்த மரத்தின் நிழலில் அடக்கம் செய்யப்பட்டார். சமாதிக்குழி ஒன்றன்மேல் ஒன்றாக இரு அறைகளுடன் கட்டப்பட்டது; மேலறை வெறுமையாக விடப்பட்டது. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கியபோது அன்னையார் பிரெஞ்சுக் குடியுரிமையோடு இந்தியக் குடியுரிமையும் வேண்டினார். 1962 முதல் தம் அறையை விட்டு வெளிவருதல் நின்றது. 1968 பிப்ரவரி 28-ஆம் நாள் ஆரோவில் நகரம் தொடங்கப்பெற்றது. 124 நாடுகளின் மண் ஒரு கலசத்தில் இடப்பட்டது. அன்னையார் நேரில் வராமல் தம் அறையிலிருந்தே சாசனத்தைப் படிக்க, அவர் குரல் வானொலி வழியே அங்கு ஒலித்தது. அந்நாளின் ஞாபகார்த்தமாக ஆண்டுதோறும் விடியற்காலையில் அக்கலசத்தருகே நெருப்பு மூட்டி, ஆரோவில் வாசிகள் மௌனமாக அமர்கின்றனர்.

1973 நவம்பர் 17-ஆம் நாள் இரவு 7 மணி 25 நிமிடத்திற்கு அன்னையார் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் உயிர் நீத்தார். 20-ஆம் நாள் காலை அவர் உடல் சமாதியின் வெறுமையாயிருந்த மேலறையில் வைக்கப்பட்டது. மகன் ஆந்திரே 1982 வரை வாழ்ந்தார்.

ஆசிரமத்தார் ஆண்டுதோறும் நவம்பர் 17-ஆம் நாளையே நினைவு நாளாகக் கொள்கின்றனர். அன்று விடியுமுன்னரே அன்பர்கள் வரிசையில் நிற்பர்; சமாதியின்மேல் மலர்கள் பரப்பப்பட்டிருக்கும்; ஊதுவத்திகள் புகையும். யூதர் கணக்கிலோ அந்நாளின் பெயர் வேறு. சூரியன் அஸ்தமித்த பின் இறந்தமையால் அது மறுநாளைச் சேரும்: 5734-ஆம் ஆண்டு மார்ஹெஷ்வான் திங்கள் 23-ஆம் நாள். அக்டோபர் இறுதிக்கும் நவம்பர் இறுதிக்கும் இடையே அந்நாள் ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே செல்லும். சிற்சில ஆண்டுகளில் அது கல்லறைத் திருநாளை ஒட்டியும் வந்து விழும்; அவ்வமயம் உப்பளத்தில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருக்கும்.